கவியசப்பிரார்த்தி

கொழிஞ்சாம்பாறையில் கல்லில் எழுத்து வெட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பாவுக்குச் சொந்த ஊர் திருமுருகன்பூண்டி. அங்கே சிற்ப வேலை கற்றுக்கொண்டு, கல்யாணத்துக்கு அப்புறம் இந்தப் பக்கம் வந்து தங்கிவிட்டார். அவருக்குச் சிலை செய்யும் கை. எனக்கு வாய்த்தது எழுத்து. அடிக்கல், திறப்புவிழாக் கல், கோயில் உபயக் கல், கல்லறைக் கல், வீட்டு வாசலில் பதிக்கும் பெயர்க் கல், எது வந்தாலும் செய்வேன். கேரளத்தில் இருந்தாலும் எங்கள் பக்கம் வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம். அதனால் ஒரே கல்லில் மேலே மலையாளம், கீழே தமிழ் என்று இரண்டும் வெட்ட வேண்டி வரும்.

கூலி எழுத்துக் கணக்குதான். வருகிறவர்கள் பெயரை விரல் விட்டு எண்ணுவார்கள். எண்ணி முடித்ததும், "புள்ளி வெச்ச எழுத்துக்கும் முழுக் காசாங்க?" என்று கேட்பார்கள். புள்ளிதாங்க கஷ்டம் என்பேன். கோடு இழுக்கும்போது உளிக்கு ஒரு திசை இருக்கும். புள்ளிக்குத் திசையே கிடையாது. உளியை நட்டமாக நிறுத்தி, மெல்லத் தட்டித் தட்டிச் சுற்றிலும் திருப்பிக்கொண்டே குழியை உருட்ட வேண்டும். கை கொஞ்சம் வேகமாகிப் போனால் விளிம்பு உதிர்ந்து புள்ளி பூவாகிவிடும். கருங்கல்லில் உதிர்ந்தது உதிர்ந்ததுதான், திரும்ப ஒட்டாது.

இப்போது பாதி வேலை மிஷினில் நடக்கிறது. கம்ப்யூட்டரில் எழுத்தை வெட்டி ஸ்டிக்கராகக் கல்லில் ஒட்டி, கம்ப்ரஸர் வைத்து மணலடித்தால் ஒரு மணி நேரத்தில் நூறு எழுத்து விழுந்துவிடும். நானும் அதைச் செய்கிறேன், பிழைப்பு நடக்க வேண்டுமே. ஆனால் கையால் வெட்டித்தான் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வெட்டும்போதுதான் நான் என் வேலையைச் செய்கிற மாதிரி இருக்கும்.

அப்படி வந்ததுதான் வாயனசாலைக் கல். வாசகசாலையை இங்கே அப்படித்தான் சொல்வோம். பக்கத்து ஊர் வாயனசாலைக்குப் புதுக் கட்டடம் கட்டினார்கள். ஜூன் 19 அன்று திறப்பு. கேரளத்தில் கிராமம் கிராமமாக நூலகம் வரப் பாடுபட்ட பி. என். பணிக்கர் 1995ல் இறந்த நாள் அது. வாசிப்பு தினம் என்று இங்கே எல்லாப் பள்ளிக்கூடத்திலும் கொண்டாடுவார்கள். கமிட்டியின் செயலாளர், பள்ளிக்கூடத்தில் மலையாளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு மாஷ். சமஸ்கிருதமும் நன்றாகத் தெரிந்தவர். நாலடிக்கு இரண்டரை அடி கறுப்புக் கல்லுக்கான வாசகத்தைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். தலைவர், உறுப்பினர்கள், நிலம் கொடுத்தவர், கம்பி கொடுத்தவர், சிமெண்ட் கொடுத்தவர் என்று பதினாலு பெயர். அடியில் தமிழில் ஒரு நாலு வரிப் பாட்டு.

பாட்டு எனக்குப் பிடித்திருந்தது. இருட்டில் வரப்பில் நடந்து வருகிறவன், தூரத்தில் எரிகிற வாசகசாலை விளக்கைப் பார்த்து வழி கண்டுபிடிக்கிறான். அவ்வளவுதான் பாட்டு. அலங்காரம் எதுவும் இல்லை.

"யார் எழுதினது மாஷே?"

"நம்ம பையன் ஒருத்தன். தென்னந்தோப்புல வேலை பாக்கறான். கவியசப்பிரார்த்தி."

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஏதோ வசவு என்று நினைத்தேன். பேர் வாங்க அலைகிறவன், விளம்பரப் பிரியன், அந்த மாதிரி. தாளில் அவன் பெயரும் இல்லை. கேட்டதற்கு, இடம் பத்தாது என்று கமிட்டி முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் கடை சாத்தும் நேரத்தில் அந்தப் பையனே வந்தான். இருபத்திரண்டு வயதிருக்கும். பட்டறைக்குள் வராமல் வாசலில் கிடந்த கல் சில்லுகளைக் காலால் தள்ளிக்கொண்டே நின்றான். என்ன தம்பி என்றேன்.

"அண்ணா, பாட்டுக்கு அடியில என் பேரச் சின்னதாப் போட முடியுங்களா? கமிட்டிக்குச் செலவு வேண்டாங்க. அஞ்செழுத்துதான். காசு நான் தந்தர்றேன்."

பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. காரணம் இருக்கிறது.

1998ல் எனக்கு இருபத்துமூன்று வயது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கோயிலில் கும்பாபிஷேகக் கல். அப்பா துணையில்லாமல் நான் தனியாக வெட்டிய முதல் கல் அது. இருநூற்று எண்பது எழுத்து, எல்லாம் கையால். முடித்த அன்று, வலது பக்க மூலையில், அரை அங்குல உயரத்தில் என் பெயரை வெட்டினேன். யாரிடமும் கேட்கவில்லை, அது என் தப்புதான். கல்லைப் பதித்த மறுநாள் கமிட்டிக்காரர் ஒருவர் பார்த்துவிட்டார். கூலிக்கு வந்தவன் பேரு கோயில்ல எதுக்கு என்று எல்லார் முன்னாலும் கேட்டார். வெட்டிய கையாலேயே அழிக்கச் சொன்னார். அழித்தேன். கல்லில் அழிப்பது என்றால் மேலே தடவி எடுப்பதில்லை. எழுத்தின் ஆழம் வரை சுற்றிலும் கொத்திக் கீழே இறக்கி, தேய்த்து மழுக்க வேண்டும். உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்தது. இன்றைக்கும் அந்தக் கோயிலுக்குப் போனால் அந்தப் பள்ளத்தில் விபூதி கொட்டி வைத்திருப்பார்கள். கும்பிட வருகிறவர்கள் அதிலிருந்து எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள். என் பிள்ளைகளும்கூட அதிலிருந்து எடுத்து இட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது என்ன பள்ளம் என்று நான் அவர்களிடம் சொன்னதில்லை.

மறுநாள் காலையிலேயே மாஷ் வீட்டுக்குப் போனேன். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், அந்தப் பையனை ஏன் திட்டினீர்கள் என்று கேட்டேன். கோபத்தோடுதான் கேட்டேன்.

"அது திட்டல்ல, கேட்டோ" என்றார். உள்ளே போய் அட்டை பிய்ந்த ஒரு புத்தகத்தை எடுத்துவந்தார். ரகுவம்சம், முதல் சர்க்கம், மூன்றாவது ஸ்லோகம். பாடிக் காட்டினார்.

மந்த: கவியச:ப்ரார்த்தீ கமிஷ்யாம்யுபஹாஸ்யதாம்
ப்ராம்சுலப்யே பலே லோபாத் உத்பாஹுரிவ வாமன:

காளிதாசன் தன்னைப் பற்றித்தான் அப்படிச் சொல்லிக்கொள்கிறான். மந்தபுத்தி நான், கவி என்ற யசஸைக் கேட்டு நிற்கிறேன், ஊர் சிரிக்கத்தான் போகிறது. உயரமானவனுக்கு எட்டுகிற பழத்துக்கு ஆசைப்பட்டு, குள்ளன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி. மலையாளத்தில் அந்த வார்த்தை அப்படியே தங்கிவிட்டது, புதிதாகக் கவிதை எழுத வருகிற பையன்களை அப்படிச் சொல்வோம் என்றார் மாஷ். சில பேர் கிண்டலாகவும் சொல்வார்களாம். அவர் சொன்னது கிண்டல் இல்லையாம். எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை, அப்புறம் அவர் முகத்தைப் பார்த்து நம்பினேன்.

அந்த ஒரு வார்த்தையை அவர் எனக்குப் பிரித்துக் காட்டினார். கவி, யசஸ், ப்ரார்த்தீ. யசஸ் என்றால் புகழ். ப்ரார்த்தீ என்பதில் இருப்பது நமக்குத் தெரிந்த பிரார்த்தனைதான். வேண்டிக் கேட்பவன். எனக்கு அங்கேதான் உடம்பு சிலிர்த்தது. புகழுக்கு ஆசைப்படுகிறவன் என்று சொல்ல சமஸ்கிருதத்தில் வேறு வார்த்தையும் உண்டு. யசஸ்காமன் என்று சொல்லலாம். அது ஆசை, அவனுக்குள்ளேயே இருப்பது. ப்ரார்த்தீ அப்படி இல்லை. கேட்கிறவன் என்று ஒருவன் இருந்தால் கொடுக்கிறவர் என்று எதிரே ஒருவர் இருக்க வேண்டும். அவர் இல்லை என்றும் சொல்லலாம். சொன்னால் கையை இறக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். அது தெரிந்துதான் காளிதாசன் அந்த வார்த்தையைப் போட்டிருக்கிறான். அடுத்த வார்த்தையே 'சிரிப்புக்கு ஆளாகப் போகிறேன்' என்பதுதான்.

வாசலில் கல் சில்லைத் தள்ளிக்கொண்டு நின்ற பையன் நினைவுக்கு வந்தான்.

மாஷ் அதோடு விடவில்லை. அடுத்த ஸ்லோகத்தையும் படித்தார். அதில் காளிதாசன் தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொள்கிறான். எனக்கு முன்னால் பெரியவர்கள் இந்த வம்சத்தைப் பாடிச் சொல்லுக்கு வாசல் திறந்து வைத்திருக்கிறார்கள், வஜ்ரத்தால் துளைத்த மணிக்குள் நூல் போகிற மாதிரி நானும் போய்விடுவேன் என்கிறான். துளைத்த என்பதற்கு அங்கே இருக்கும் சொல் 'ஸமுத்கீர்ண'. அதைச் சொல்லிவிட்டு மாஷ் என்னைப் பார்த்தார். "இது உங்க தொழில் வார்த்தையாக்கும்" என்றார். பழைய செப்பேடுகளில் சாசனமெல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் 'உத்கீர்ணம்' என்று போட்டு இன்னார் வெட்டியது என்று பெயர் வருமாம். ராஜாவின் வம்சப் பெருமை, தானம் கொடுத்த நிலத்தின் நாலு எல்லை, அழித்தால் வரும் பாவம், எல்லாம் சொல்லி முடித்து, கடைசியில் உளி பிடித்தவனின் பெயர்.

அந்தப் பள்ளத்தைப் பற்றி அவரிடம் அன்றைக்குத்தான் சொன்னேன். இத்தனை வருஷத்தில் வெளி ஆளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு டம்ளர் சாயா போட்டுத் தரச் சொன்னார்.

அதிலிருந்து ஒரு வாரம் இந்த வார்த்தைகளாகவே மண்டையில் ஓடிக்கொண்டிருந்தன. கடப்பாக் கல் ஏற்றிக்கொண்டு தாடிபத்ரியிலிருந்து வரும் லாரிக்காரரிடம்கூடப் பேச்சுக் கொடுத்தேன். அவர் தெலுங்கர். பேர் ஆசை பிடித்தவனை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, 'கீர்த்தி கண்டூதி' என்றார். பேப்பரில் அடிக்கடி வருமாம். கண்டூதி என்றால் அரிப்பு, அதுவும் சமஸ்கிருதம்தான். சொல்லும்போதே முழங்கையைச் சொறிந்து காட்டினார். நம்மிடம் தினவு என்ற சொல் இருக்கிறது, தினவெடுத்த தோள் என்போம். ஆனால் அது சண்டைக்கு. புகழுக்கு அரிப்பு என்று தமிழில் அவ்வளவு பச்சையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இரண்டு வார்த்தையும் ஒரே ஆசையைத்தான் சொல்கின்றன. ஆனால் பிரார்த்தனைக்குக் கையைத் தூக்க வேண்டும், அரிப்புக்குத் தன் உடம்பைத் தானே சொறிந்துகொள்ள வேண்டும். அரிக்கிறவனுக்கு இன்னொரு மனிதன் தேவையே இல்லை. சொறியச் சொறிய அரிப்பு கூடும். இருபத்தேழு வருஷமாகப் பெயர் வெட்டுகிறேன், இரண்டு வகை ஆட்களையும் பார்த்திருக்கிறேன். அவன் பெயரைவிட என் பெயர் கால் அங்குலமாவது உயரமாக இருக்க வேண்டும் என்று வந்து ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தவர் உண்டு. செத்துப்போன மகளின் பெயரைப் பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டியில் வெட்டச் சொல்லி, வெட்டி முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, பிறகு எழுத்துக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுப் போன அம்மாவும் உண்டு. இருவருக்கும் பெயர் வேண்டும் என்பதுதான் ஆசை. நான் ஒரே உளியால்தான் வெட்டினேன்.

புகழாசையே கூடாது என்கிற வழியும் இருக்கிறது. மாஷிடம் அதையும் கேட்டேன். பிருகதாரண்யக உபநிஷதத்தில் யாக்ஞவல்கியர் மூன்று ஏஷணைகளைச் சொல்கிறார்: புத்ரேஷணை, வித்தேஷணை, லோகேஷணை. பிள்ளை வேண்டும், பொருள் வேண்டும், உலகம் வேண்டும். இந்த மூன்றையும் விட்டு எழுந்தவர்கள்தான் பிச்சை எடுத்து வாழக் கிளம்புகிறார்கள். லோகம் என்பது அங்கே செத்த பிறகு போய்ச் சேரும் மேலுலகம். பின்னால் வந்தவர்கள் அதையே 'உலகத்தார் நம்மை மெச்ச வேண்டும் என்கிற ஆசை' என்று எடுத்துக்கொண்டார்கள். சரி, பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அது வீட்டை விட்டுக் கிளம்பியவர்களுக்கான பேச்சு. தென்னந்தோப்பில் நாள் கூலிக்குப் போய்க்கொண்டு, ராத்திரி உட்கார்ந்து நாலு வரி எழுதுகிற பையனிடம் போய் லோகேஷணையை விடு என்று சொல்ல எனக்கு மனம் வராது. பிள்ளையும் பொருளும் வீடும் உள்ள கமிட்டிக்காரர்கள் அவனிடம் அந்த ஒன்றை மட்டும் விடச் சொல்வது நியாயமே இல்லை.

நம் பாட்டன்மார் இதில் கூச்சமே படவில்லை. தோன்றின் புகழொடு தோன்றுக என்றார் வள்ளுவர். 'உண்டால் அம்ம இவ்வுலகம்' என்று தொடங்கும் புறநானூற்றுப் பாட்டில், இந்த உலகம் யாரால் நிலைத்து நிற்கிறது என்று சொல்லும்போது, 'புகழெனின் உயிருங் கொடுக்குவர்' என்று அவர்களையும் சேர்க்கிறார் புலவர். பழி என்றால் உலகத்தையே கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள் என்பது அடுத்த வரி. பாடியவர் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. அவர் கடலில் போனார் என்பது அவர் பெயரிலேயே தங்கிவிட்டது.

இன்னொன்றும் மாஷ் சொல்லித்தான் கவனித்தேன். கீர்த்தி என்பதற்கு வேர் சொல்லுதல், எடுத்துப் பேசுதல். கீர்த்தனையும் அதே வேர்தான். வேதத்தில் புகழுக்கு 'ச்ரவஸ்' என்று ஒரு பழைய சொல், அதற்கு வேர் கேட்டல். அதை விரும்புகிறவனுக்கு 'ச்ரவஸ்யு' என்றே ஒரு சொல் உண்டு. தமிழில் புகழுக்கு இசை என்று பெயர், ஈதல் இசைபட வாழ்தல் என்கிறோம். எல்லாம் வாயும் காதும். ஒரு வார்த்தையில்கூடக் கல் இல்லை. தொழில்காரனாக எனக்கு இது கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனால் கல்லும் சும்மா இருக்கவில்லை. பொள்ளாச்சியில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய அகநானூறு என்னிடம் இருக்கிறது. அதில் 131ஆம் பாட்டில், செத்த வீரனின் 'பெயரும் பீடும் எழுதி' வழியெல்லாம் நட்டு மயிற்பீலி சூட்டிய நடுகல் வருகிறது. என் தொழிலுக்கு அதுதான் வேர் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் அதே அகநானூற்றில் 343ஆம் பாட்டை வாசித்த அன்று உளியைத் தொட முடியவில்லை. பாலை வழியில் ஒரு நடுகல். உப்பு வணிகனின் வண்டிச் சக்கரம் ஏறி அதன் தலை சிதைந்திருக்கிறது. சூட்டிய கண்ணி வாடிக் கிடக்கிறது. கழுவக்கூட ஆள் இல்லை. 'கூர் உளி குயின்ற கோடு மாய் எழுத்து'. கூர்மையான உளியால் செதுக்கிய எழுத்தில் கோடு மறைந்துபோய்விட்டது. அந்த வழியில் போகும் புதியவர்கள் மிச்சமிருக்கும் கோடுகளைக் கூட்டிப் படிக்கிறார்கள், அது வேறு ஏதோ பொருளைக் கொடுக்கிறது.

இதை எழுதிய புலவர் நிச்சயம் குனிந்து நின்று ஒரு கல்லைப் படித்துப் பார்த்தவர். எழுத்து எப்படிச் சாகும் என்று தெரிந்தவர். முதலில் மெல்லிய குறுக்குக் கோடு போகும். சுழி நிற்கும். கொம்பும் காலும் ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கும். பழைய கல்லறைக் கல்லைப் புதுப்பிக்கக் கொண்டுவரும்போது இதை நான் கையால் தடவிப் பார்த்துத்தான் படிப்பேன். கண்ணுக்குத் தெரியாத கோடு விரலுக்குத் தெரியும். ஒருமுறை ஒரு பெயரை மூன்று விதமாகப் படிக்க முடிந்தது. கொண்டுவந்த பேரனுக்கே தாத்தாவின் அப்பா பெயர் சரியாகத் தெரியவில்லை. ஊரில் ஒரு கிழவி சொன்ன பிறகுதான் எழுத்து உயிர் பெற்றது. அந்தக் கல்லைக் காப்பாற்றியது ஒரு வாய்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாஷ் என்னைச் சித்தூர் தெக்கே கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சோகநாசினி ஆற்றங்கரையில் துஞ்சத்து எழுத்தச்சனின் குருமடம் இருக்கிறது. அவர் கடைசிக் காலத்தில் அங்கேதான் இருந்தார் என்று சொல்வார்கள். நான் பல தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன், உள்ளே போனதில்லை. மலையாளத்துக்குத் தகப்பன் என்று சொல்லப்படுகிறவர். ராமாயணத்தைப் பாடியபோதுகூட ஒரு கிளியைப் பார்த்து நீ சொல்லு என்று சொல்லி, கிளி சொல்வதாகத்தான் பாடினார். கிளிப்பாட்டு என்றே அந்த வகைக்குப் பெயர். வாசலில் நின்றுகொண்டு மாஷ் கேட்டார், இவர் பெயர் என்ன சொல்லுங்கள் என்று.

"எழுத்தச்சன்."

"அது பட்டம். எழுத்து சொல்லிக்கொடுக்கற அச்சன். துஞ்சத்துங்கறது வீட்டுப் பேரு. அம்மா வெச்ச பேரு?"

எனக்குத் தெரியவில்லை. ராமானுஜன் என்று சிலர் சொல்கிறார்கள், ஒத்துக்கொள்ளாத அறிஞர்கள் இருக்கிறார்கள், இன்னும் முடிவாகவில்லை என்றார். கர்க்கடக மாதம் முழுக்கக் கேரளத்தில் வீடு வீடாக விளக்கேற்றி வைத்து இவருடைய ராமாயணத்தைப் படிக்கிறார்கள். பாட்டு ஒவ்வொரு வாயிலும் இருக்கிறது. ஆனால் அவர் பெயர் எது என்று கேட்டால் பதில் சண்டையில்தான் முடிகிறது. ஆற்றில் அன்றைக்குத் தண்ணீர் குறைவு. பாறைகளுக்கு நடுவே துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். ரொம்ப நேரம் படித்துறையில் உட்கார்ந்திருந்தோம்.

அப்படியானால் பையனுக்குப் பெயர் வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்டேன். மாஷ் பதறிவிட்டார். "ஐயோ, அப்படியில்ல. எழுத்தச்சன் கேக்கல, சரி. இவன் கேட்டுட்டானே. கேட்டவனுக்குப் பதில் சொல்லணுமே."

திங்கட்கிழமை கமிட்டிக் கூட்டத்துக்கு நானும் போனேன். கல்லை அளவெடுத்துத் தாளில் வரைந்து கொண்டுபோயிருந்தேன். பதினாலு பெயர்களின் உயரத்தையும் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு குறைத்தால், பாட்டுக்கு அடியில் ஒரு வரிக்கு இடம் கிடைக்கும், யாருக்கும் கண்ணுக்கே தெரியாது என்று காட்டினேன். ஒருவர், பாட்டு எழுதினவனுக்குப் பேர் போட்டால் நாளைக்குக் கொத்தனாரும் கேட்பான், பெயிண்ட் அடித்தவனும் கேட்பான் என்றார். கேட்டால் போடலாமே என்று எனக்குத் தோன்றியது. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டைச் சொன்னேன். ராஜராஜன் தான் கொடுத்தது, அக்கன் கொடுத்தது, பெண்டுகள் கொடுத்தது என்பதோடு நிறுத்தவில்லை, 'மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' கல்லில் வெட்டச் சொன்னார். அந்தக் கோயிலில் பெருந்தச்சன் பெயரும் கல்லில் இருக்கிறது. கம்பி கொடுத்தவர் பெயர் போடுகிறோம், சிமெண்ட் கொடுத்தவர் பெயர் போடுகிறோம், இந்தப் பையன் நாலு வரி கொடுத்திருக்கிறான், அவனும் கொடுத்தவன்தானே என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. அந்த இடத்தில் நான் யாருக்காகப் பேசினேன் என்று மாஷுக்கு மட்டும் தெரியும்.

மறுபேச்சு இல்லாமல் ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. முக்கால் மணி நேரம் ஆனது. ஆனால் ஒத்துக்கொண்டார்கள்.

ஜூன் 17 ராத்திரி, பெயர்களையும் பாட்டையும் முடித்துவிட்டு, கடைசி வரிக்கு வந்தேன். பையனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். தோப்பு வேலை முடிந்து நேராக வந்திருந்தான், சட்டையில் தேங்காய் நார் ஒட்டியிருந்தது. கல்லை மேசையில் கிடத்தி, வெள்ளைப் பென்சிலால் அவன் பெயரை எழுதிக் காட்டினேன். தலையாட்டினான். மிஷின் வேண்டாம் என்று உளியை எடுத்தேன். நான் ஒவ்வொரு எழுத்தையும் முடித்து ஊதும்போது, அவன் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு எழுத்து முடிந்தது. ஐந்தாவது எழுத்திலும் சுழியும் காலும் முடிந்து, புள்ளி மட்டும் பாக்கி.

"அண்ணா, அத நான் வெக்கட்டுங்களா?"

உளியை அவன் கையில் கொடுத்து, நட்டமாகப் பிடிக்கக் காட்டிக்கொடுத்தேன். மெல்லத் தட்டு, தட்டிக்கொண்டே திருப்பு என்றேன். முதல் இரண்டு தட்டு சரியாக விழுந்தது. மூன்றாவதில் கை வேகமாகிவிட்டது. விளிம்பு உதிர்ந்து, புள்ளி பூவாகிவிட்டது.

பயந்துபோய் என்னைப் பார்த்தான். நான் தூசியை ஊதித் துடைத்து, விரலை வைத்துப் பார்த்தேன். நல்ல ஆழம்தான். பெயிண்ட் டப்பாவைத் திறந்து மற்ற எழுத்துக்களுக்கு அடித்த அதே தங்க நிறத்தை அதற்கும் அடித்தேன்.